ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு அதிக வேலை

வாசகர் கேள்வி:

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. நான் சண்டே ஸ்கூலில் வகுப்பு எடுக்கிறேன், பெண்கள் ஐக்கியத்தின் செயலாளராகவும் இருக்கிறேன். கணவர் பாடகர் குழுவில் இருக்கிறார், சபைக் கமிட்டியில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டமும் அவர்தான் நடத்துகிறார். எல்லாரும் சேர்ந்து உட்காருகிற நாள் என்று வாரத்தில் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு அதிக வேலை. குடும்ப ஜெபம் நின்று பல மாதம் ஆகிறது. போன வாரம் மகனின் நெருங்கிய நண்பனுடைய அம்மாவைத் தற்செயலாகப் பார்த்தேன். அந்தப் பையன் வேறு பள்ளிக்கு மாறி ஒரு மாதம் ஆகிவிட்டதாம். மகன் என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, "நீங்க பிஸியா இருந்தீங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணவரிடம் பேசினால், "தேவனுடைய வேலையை நாம் பார்த்தால் நம் வீட்டை அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். ஒருநாள் மாலைக் கூட்டம் ரத்தானது. கிடைத்த அந்த நேரத்திலும் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டோம். எனக்குத் தூக்கமும் சரியாக இல்லை. ஊழியத்தைக் குறைத்தால் தேவனுக்குக் குறை வைத்ததாகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் "கோபமாகக்கூடச் சொல்லவில்லை" என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். பிள்ளை கோபப்பட்டால் இன்னும் நம்மை எதிர்பார்க்கிறது என்று அர்த்தம். அம்மா அப்பாவுக்கு நேரம் இருக்காது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்ட பிள்ளைதான் இப்படிச் சாதாரணமாகச் சொல்லும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 11 வயதில் இதைச் சரிசெய்துவிடலாம். இன்னும் நாலைந்து வருஷம் போனால்தான் கஷ்டம். அதனால் சபைப் பொறுப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மகனைப் பற்றிப் பேசிவிடுவோம்.

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மனசுல என்ன இருக்கு, அம்மாகிட்ட சொல்லு" என்று கேட்காதீர்கள். அந்த வயதுப் பையன்கள் பலர் நேருக்கு நேர் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். அழுது மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். உங்களைச் சமாதானப்படுத்துகிற வேலையும் அவன் தலையில் விழும். "அவன் போனது எனக்குத் தெரியாமப் போச்சுப்பா, உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், போதும். அப்புறம் அந்த நண்பனின் அம்மாவிடம் பேசி, பையன்கள் இருவரும் சந்திக்க ஒரு நாள் வையுங்கள். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

போகும்போது அவன் ஒன்றும் பேசாமலே வரலாம். திரும்பி வரும்போது பேசுவான். அல்லது அடுத்த தடவை. பிள்ளைகள் மனம் திறப்பது பெரும்பாலும் பக்கத்தில் நடந்து வரும்போதும், துணி மடிக்கும்போதும், விளக்கை அணைத்த பிறகும்தான். உபாகமம் 6:7-ஐ எத்தனையோ தடவை சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" பேசு என்கிறது அந்த வசனம். இதற்கென்று தனியாக எந்த ஏற்பாடும் வேண்டாம். ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். உங்கள் வீட்டில் இப்போது இல்லாதது அதுதான்.

சூசன்னா வெஸ்லியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற ஊரில் குருவானவராக இருந்தவரின் மனைவி. பிறந்த பிள்ளைகள் 19, பிழைத்து வளர்ந்தவர்கள் 10. வீட்டில் கடனும் உண்டு. 1712-ல், சபைக் காரியமாக லண்டனில் தங்கியிருந்த கணவருக்கு எழுதிய கடிதத்தில், எந்தெந்த நாளில் எந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசுகிறார் என்று வரிசையாகச் சொல்கிறார். திங்கள் மாலியோடு, செவ்வாய் ஹெட்டியோடு, வியாழன் ஜாக்கியோடு, சனி சார்ல்ஸோடு. அந்த ஜாக்கிதான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அப்போது 8 வயது. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த காலத்திலும், முன்பு வியாழக்கிழமை மாலையில் எனக்குக் கொடுத்த அந்தக் கொஞ்ச நேரத்தை இப்போதும் கொடுக்க முடியுமா என்று அம்மாவுக்கு எழுதினார். சூசன்னா வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று நினைக்க வேண்டாம். அதே கடிதம் எழுதிய நாட்களில் ஞாயிறு மாலை அவர் பிரசங்கம் வாசிப்பதைக் கேட்க வீடு கொள்ளாத கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஊழியமும் நடந்தது, வியாழக்கிழமையும் ஜாக்கிக்கு இருந்தது. உங்களுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். ஆளுக்கு வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம், போன் இல்லாமல். இதை இந்த வாரமே தொடங்கிவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் கணவர் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். ஊழியக் குடும்பங்களில் நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. நல்ல விசுவாசத்தோடுதான் சொல்கிறார்கள். வீட்டைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகளை அவர் பெற்றோர் கையில் அல்லவா கொடுத்திருக்கிறார்? சபைக் கமிட்டியில் உங்கள் கணவருடைய இடத்துக்கு வேறொருவர் வரலாம். அப்பா என்ற இடத்துக்கு அவரைத் தவிர ஆள் கிடையாது.

யாத்திராகமம் 18-ம் அதிகாரத்தைத் தலைமைத்துவப் பாடமாகவே நமக்குப் பிரசங்கித்திருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர், நூறு பேருக்கு ஒருவர் என்று பிரிப்பதுதான் நினைவில் நிற்கும். அதன் தொடக்கத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். மோசேயின் மாமனார் எத்திரோ யோசனை சொல்வதற்காகக் கிளம்பி வரவில்லை. மோசே தன் மனைவி சிப்போராளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார் மாமனார். "உம்முடைய மனைவியும் பிள்ளைகளும் வருகிறார்கள்" என்று முன்கூட்டியே சொல்லியும் அனுப்புகிறார். மோசே எதிர்கொண்டு போய் மாமனாரை வணங்குகிறார், முத்தஞ்செய்கிறார், சுகம் விசாரிக்கிறார், கூடாரத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கர்த்தர் செய்ததையெல்லாம் சொல்கிறார். மனைவியிடமும் பையன்களிடமும் என்ன பேசினார் என்று வேதம் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மறுநாள் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறது. காலை முதல் சாயங்காலம் வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதைப் பார்த்துத்தான், நீர் ஏன் இப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறீர் என்று மாமனார் கேட்கிறார். மோசேயின் பதில்: "தேவனிடத்தில் விசாரிக்கும்படி ஜனங்கள் என்னிடத்தில் வருகிறார்கள்." உங்கள் கணவர் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். எத்திரோ அந்த வேலை கெட்டது என்று சொல்லவில்லை, அதை விட்டுவிடும்படியும் சொல்லவில்லை. "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்கிறார். தூக்கமில்லாமல் நீங்கள் எழுதிய கடிதம் அந்தத் தொய்வுதான். தேவனோடு முகமுகமாய்ப் பேசிய மோசே இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளவில்லை. சொன்னபடியெல்லாம் செய்தார்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: குறை வைத்ததாகாது. தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று 1 தீமோத்தேயு 3:5-ல் பவுல் கேட்பது சபைத் தலைவர்களைப் பற்றித்தான். வீடு என்பது ஊழியத்துக்குப் போட்டி என்று அவர் நினைக்கவில்லை. ஊழியத்துக்கு ஒருவன் தகுதியானவனா என்று பார்க்கிற இடமே வீடுதான் என்கிறார். (இந்த வசனத்தைத் தயவுசெய்து கணவர் முன்னால் எடுத்து நீட்டாதீர்கள். வசனத்தால் அடி வாங்கியவர் யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை.)

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு தாளில் நீங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டிருக்கிற எல்லாப் பொறுப்பையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எப்போது முடியும் என்று எழுதுங்கள். பல வரிகளில் ஒன்றும் எழுத முடியாது. சபைப் பொறுப்புகளில் இது ஒரு பெரிய சிக்கல். தொடக்கம் இருக்கும், முடிவு இருக்காது. "இந்த ஒரு தடவை மட்டும் பாருங்கள்" என்று கொடுத்தது ஏழு வருஷமாக நம் கையிலேயே இருக்கும். அப்புறம் இன்னொன்றும் எழுதுங்கள்: இதற்கான நேரம் வீட்டில் யாரிடமிருந்து போகிறது? நாம் வெளியே சொல்கிற ஒவ்வொரு 'சரி'க்கும் வீட்டில் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவரைக் கேட்டுவிட்டா சொன்னோம்?

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அது நடக்காது. பாதி விட்ட பொறுப்பு ரெண்டே மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆளுக்கு ஒன்றை முழுசாக விடுங்கள். எதை விடுவது என்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நீங்கள் சண்டே ஸ்கூலை விட வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள், வீட்டு நேரத்திலிருந்து அது அதிகம் எடுப்பதில்லை. செயலாளர் பொறுப்பைப் பாருங்கள். கூட்டம் என்னவோ மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். ஆனால் அறிக்கை எழுதுவது, கணக்குக் கேட்பது, வாட்ஸ்அப் குழுவில் பதில் போடுவது, யாருக்கு யார் மேல் வருத்தம் என்று இரவு பத்து மணிக்குப் போனில் கேட்பது எல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது. கணவர் விஷயத்தில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்த இன்னொருவரைப் பழக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பாட வேறு ஆள் கிடைக்காது என்றால் பாட்டு இருக்கட்டும். முடிவு அவருடையது.

நாளைக்கே விட வேண்டாம். திடீரென்று விட்டால் சுமை இன்னொரு அம்மாவின் தலையில் விழும். போதகரிடம் நேரில் போய், "ஐயா, இந்த வருஷக் கடைசியோடு செயலாளர் பொறுப்பை ஒப்படைக்கிறேன். அதுவரை என்னோடு பழக ஒருவரைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், "வீட்டில் பிள்ளைகளுக்கு நேரம் தேவைப்படுகிறது" என்றால் போதும். நீளமாகக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தீர்வு சொல்லி உங்களை அங்கேயே உட்காரவைத்துவிடுவார்கள். உடம்பு சரியில்லை என்றெல்லாம் பொய் சொல்லவும் வேண்டாம். எருசலேம் சபையில் பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னபோது அப்போஸ்தலர்கள் சாக்குச் சொல்லவில்லை. இது எங்களால் முடியாது, இதற்கு வேறு ஆட்களைப் பாருங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள்.

விட்ட இடத்தை நிரப்பாதீர்கள். அந்த மாலை காலியாக இருப்பது தெரிந்த உடனே யாராவது வேறொன்றைக் கொண்டுவருவார்கள். காலண்டரில் அந்த நாளில் 'வீடு' என்று எழுதிவிடுங்கள். கேட்கிறவர்களிடம், "அன்றைக்கு வேலை இருக்கிறது" என்று தைரியமாகச் சொல்லலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பற்றி. ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் 5-ம் அதிகாரத்தில் வாசித்தால் யார் யார் ஓய வேண்டும் என்று ஒரு பட்டியலே இருக்கும். நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன். எகிப்திலே நீங்கள் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அங்கே சொல்லப்படும் காரணம். அடிமைக்கு விடுமுறை கிடையாது, உங்களுக்கு உண்டு என்கிறார் கர்த்தர். வீட்டுத் தலைவர் ஓய்ந்திருக்க மற்றவர்கள் வேலை செய்கிற நாள் அது அல்ல. நம் குடும்பங்களில் ஞாயிறு அன்று அம்மாவுக்கு எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்று பாருங்கள். ஆராதனை முடிந்து வந்து, சமைத்து, விருந்தாளிகளைக் கவனித்து, திங்கட்கிழமைக்குச் சீருடை எடுத்துவைத்துப் படுக்கும்போது மணி பதினொன்று. சபைப் பொறுப்பை மட்டும் குறைத்துவிட்டு வீட்டு வேலையை அப்படியே உங்கள் தலையில் வைத்திருந்தால் ஒன்றும் மாறாது. இதைக் கணவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு வேலை, கூட்டம், விருந்தாளி எதுவும் வேண்டாம். சீருடையைச் சனிக்கிழமையே மகன் எடுத்துவைக்கட்டும், 11 வயதுக்கு அது முடியும்.

குடும்ப ஜெபத்தைப் பத்து நிமிஷத்தில் தொடங்குங்கள். சங்கீதத்தில் நாலு வசனம், அன்றைக்கு நடந்தது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்வது, பிள்ளை ஒருவர் ஜெபிப்பது. அவ்வளவுதான். ஒருநாள் விட்டுப்போனால் விசாரணை வேண்டாம்.

கூட்டம் ரத்தான அந்த மாலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நேரம் கிடைத்தும் ஆளுக்கொரு மூலைக்குப் போனீர்கள். நான் இதை முக்கியமாக நினைக்கிறேன். பல தம்பதிகளுக்குப் பரபரப்பு ஒரு வசதி. ஓடிக்கொண்டிருக்கிற வரை எதிரில் இருப்பவரோடு என்ன பேசுவது என்ற கேள்வி வராது. உங்களுக்குள் பெரிய மனஸ்தாபம் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. பேசுகிற பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். தினமும் இரவு பதினைந்து நிமிஷம் இருவரும் நடந்துவிட்டு வாருங்கள். சபை, பிள்ளைகளின் மார்க், இந்த இரண்டைப் பற்றியும் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் பேச ஒன்றும் இருக்காது. தொடருங்கள். புதிதாக மணமானவனை யுத்தத்துக்கும் அனுப்பக் கூடாது, வேறு வேலையும் சுமத்தக் கூடாது, ஒரு வருஷம் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று உபாகமம் 24:5 சொல்கிறது. யுத்தத்தையே தள்ளிவைத்த தேவன் பதினைந்து நிமிஷம் நடப்பதைத் தவறாக நினைக்க மாட்டார்.

உங்கள் தூக்கத்தைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று நினைத்து உபவாசத்தைக் கூட்டாதீர்கள். எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிடச் சொன்னான். எலியா மறுபடி தூங்கினார். இரண்டாம் தரம் தட்டியெழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கணவரிடம் பேசுவது. ஞாயிறு இரவு வேண்டாம், இருவரும் களைத்துப்போயிருப்பீர்கள். வேறொரு நாள், பிள்ளைகள் தூங்கிய பிறகு, யாத்திராகமம் 18-ஐ இருவரும் சேர்ந்து முழுசாக வாசியுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். அப்புறம் அந்தத் தாளை எடுத்து முதலில் உங்கள் பொறுப்பு ஒன்றை நீங்கள் அடியுங்கள். "நான் இதை விடுகிறேன், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். மகன் சொன்னதையும் சொல்லுங்கள், ஆனால் குற்றம் சாட்டுகிற குரலில் வேண்டாம். பிள்ளை அவருக்கும்தானே பிள்ளை, அவருக்கும் வலிக்கும். ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். எதையும் விட முடியாது என்றால் இருவருமாகப் போதகரிடம் பேசுங்கள். போதகரே பொறுப்புகளைக் கூட்டுகிறவராக இருந்தால், உங்கள் சபைக்கு வெளியே, நீங்கள் இருவரும் மதிக்கிற மூத்த தம்பதி யாரையாவது தேடிப் போங்கள். மோசேக்கும் யோசனை சொன்னவர் பாளயத்துக்குள் இருந்த மூப்பர் யாரும் இல்லை, வெளியே இருந்து வந்த மாமனார்தான்.